எரிந்ததாக நான் எழுதிய பின்விளக்குகள்

பெயர்: எஸ். ஷ்யாமளா
தகப்பனார் பெயர்: பி. ஆர். சங்கரன்
வயது: பதின்மூன்று வருடம் நான்கு மாதம்
படிப்பு: எட்டாம் வகுப்பு
விலாசம்: இரண்டாம் மாடி, தெலங் ரோடு, மாட்டுங்கா, பம்பாய் 19
தேதி: 3-10-1968, வியாழக்கிழமை, காலை பதினொன்றே கால் மணி

நான் சொல்லச் சொல்லத் தமிழ் தெரிந்த ஏட்டு நயினார் அவர்கள் எழுதிக்கொள்வதாக இருந்தது. இரண்டு வரி எழுதிய பின் அவர், "பாப்பா, நீ எக்ஸ்பிரஸ் வண்டி மாரி போற. நீயே எழுது" என்று பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டார். ஆகவே இது என் கைப்பட எழுதியது. இதை அவர் மராத்தியில் பெயர்த்து இன்ஸ்பெக்டருக்குப் படித்துக் காட்டுவார்.

தாராவியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் தாவீது அவர்கள் எங்கள் வண்டிக்குப் போட்ட பின்விளக்கு வயரிங் சரியில்லாததால்தான் செவ்வாய்க்கிழமை சயானில் விபத்து நடந்தது என்று இந்த ஸ்டேஷனில் எழுதப்பட்டிருக்கிறது. அது தவறு என்பதைச் சொல்லவே இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். தாவீது அவர்களுக்கு ட்ராம்பே அணுசக்தி நிலையத்தின் ஸ்டாஃப் பஸ் ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்திருக்கிறது. நாளை காலை சேர வேண்டும். சேரும்போது போலீஸ் நன்னடத்தைக் கடிதம் கொடுக்க வேண்டும். இந்த விபத்து விசாரணை முடியாததால் அந்தக் கடிதத்தில் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடவில்லை.

எங்கள் வண்டி ஜீப் ஸ்டேஷன் வேகன். என் அப்பா இன்ஜினீயராக வேலை பார்க்கும் காண்ட்ராக்ட் கம்பெனி சர்வே வேலைக்கு வைத்திருந்து, பிறகு அவருக்கே விற்றுவிட்டது. அதில் எங்கள் வீட்டு எட்டுப் பேரும் உட்காரலாம். அதன் பின்விளக்குகள் இரண்டும் மழைக்காலம் வந்தால் அணைந்துவிடும். தண்ணீர் உள்ளே போய், பல்பு உட்காரும் இடத்தில் பச்சையாகப் பூத்துவிடும். ஆகவே அப்பா ஒரு வழக்கம் ஏற்படுத்தினார். ஒவ்வொரு நாளும் மாலையில் வண்டி கிளம்புவதற்கு முன் நான் வண்டிக்குப் பின்னால் ஆறடி தள்ளி நிற்பேன். அவர் ஸ்விட்ச் போட்டு "லைட்?" என்று கேட்பார். நான் வலது, இடது இரண்டையும் பார்த்து "எரியறது" என்பேன். அதன் பிறகு அவர் பிரேக்கை மிதித்து "பிரேக்?" என்பார். நான் பார்த்துச் சொல்வேன். சொன்னதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுவேன். அந்த நோட்டு இப்போது இந்த மேஜையில் இருக்கிறது. அதில் இருநூற்றுப் பதினோரு பதிவுகள் இருக்கின்றன.

சென்ற சனிக்கிழமை 28-ஆம் தேதி அப்பாவும் நானும் வண்டியைத் தாவீது அவர்கள் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனோம். அவர் பழைய விளக்குகளைக் கழற்றியபோது ஒன்று துருப்பிடித்து அவர் கையிலேயே இரண்டாக வந்தது. "இது லைட்டு இல்ல சார், பிஸ்கட்டு" என்றார். அதன் பிறகு புதிய விளக்குகள் இரண்டை எடுத்தார். விளக்கு உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, தகரம் வெள்ளையாகத் தெரிந்த பிறகுதான் மாட்டினார். ஏன் என்று நான் கேட்டதற்கு, பெயிண்ட் இருந்தால் எர்த் கிடைக்காது, விளக்கு எரியாது என்றார். வண்டியின் கையேட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. அதை நான் இரண்டு முறை படித்திருக்கிறேன். கண்ணாடிக்கும் தகரத்துக்கும் நடுவே புது ரப்பர் வளையம் வைத்தார். கீழ் ஓரத்தில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை போட்டார். இது கையேட்டில் இல்லை. வயரைப் பழைய இடத்தில் விடாமல், சக்கரம் தெறிக்கும் சேறு படாத உள்பக்கமாகக் கொண்டுபோய் நான்கு இடங்களில் கிளிப் போட்டார். பிறகு நான் பின்னால் நின்று பார்த்தேன். லைட், பிரேக் எல்லாம் எரிந்தன. அன்றும் ஞாயிற்றுக்கிழமையும் நோட்டில் எழுதியவை நான் பார்த்து எழுதியவை.

திங்கட்கிழமை 30-ஆம் தேதி சரஸ்வதி பூஜை. எங்கள் வீட்டில் அன்று எல்லாப் புத்தகங்களையும் அடுக்கிப் பட்டுத்துணி போர்த்திப் பூஜையில் வைப்போம். மறுநாள் காலை புனர்பூஜை முடியும் வரை யாரும் எதையும் படிக்கக் கூடாது. என் பாடப் புத்தகங்கள், லைப்ரரிப் புத்தகம், வண்டியின் கையேடு, பின்விளக்கு நோட்டு எல்லாம் உள்ளே போய்விட்டன. எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பழைய பஞ்சாங்கத்தைப் பிரித்ததற்கு அம்மா கையில் ஒன்று வைத்தாள். "அச்சடிச்ச கடுதாசைக் கண்டா விடமாட்டியோ? போய் வண்டியை அலம்பிப் பொட்டு வைடி" என்றாள்.

அதன் பிறகு நான் கீழே போய் வண்டியை அலம்பினேன். முன்பக்க விளக்குகளுக்கு அம்மா சிறியதாகப் பொட்டு வைத்துவிட்டாள். பின்பக்கம் என்னிடம் விடப்பட்டது. புது விளக்குகள் என்பதால் அவற்றுக்கு நன்றாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். சந்தனத்தைக் கரைத்துப் பூசினேன். கண்ணாடியில் நிற்காமல் வழிந்தது. ஆகவே மாடிக்குப் போய், புத்தகங்களுக்கு அட்டை போடுவதற்காக நான் காய்ச்சி வைத்திருக்கும் மைதாப் பசையை எடுத்து வந்து சந்தனத்தில் கலந்தேன். அது நன்றாக நின்றது. வலது விளக்கு முழுவதும் பூசி, காய்ந்த பின் இன்னொரு பூச்சுப் பூசி, அதன்மேல் குங்குமத்தால் எட்டு இதழ்த் தாமரை போட்டேன். இடது விளக்குக்கும் அப்படியே செய்தேன். மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அம்மா பார்த்து, "நன்னா இருக்குடி, கோவில் மாதிரி இருக்கு" என்றாள். அப்பா முன்பக்கம் நின்று கற்பூரம் காட்டினார். பின்பக்கம் வரவில்லை. அன்று வண்டியை எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விஜயதசமி. காலையில் புனர்பூஜை முடிந்ததும் புத்தகங்களை எடுத்துக்கொண்டோம். நான் லைப்ரரிப் புத்தகத்தை எடுத்தேன். மாலை ஆறு நாற்பதுக்கு, செம்பூரில் இருக்கும் அகிலாண்டம் அத்தை வீட்டுக் கொலுவுக்குப் போவதற்காக எல்லோரும் வண்டியில் ஏறினோம். நான் முதலில் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். கதையில் ஒரு கப்பல் உடைந்துகொண்டிருந்தது. அப்போது அப்பா ஸ்விட்ச் போட்டுவிட்டு, "ஷ்யாமு, லைட் எரியறதோ?" என்று கேட்டார். நான் எழுந்திருக்கவில்லை. சனிக்கிழமைதான் புதிதாகப் போட்டது என்று நினைத்து, புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல் "எரியறது அப்பா" என்றேன். "பிரேக்?" என்றார். "எரியறது" என்றேன். சொன்னதை எழுதாமல் விடுவது சரியில்லை என்று தோன்றியதால், பையிலிருந்து நோட்டை எடுத்து, 1-10-68 என்று தேதி போட்டு, மூன்று இடத்திலும் "எரிந்தது" என்று எழுதினேன். அதன் பிறகு மறுபடி கதையைப் படித்தேன்.

சயானுக்குச் சிறிது முன்னால் போகும்போது மணி ஏழு. நன்றாக இருட்டிவிட்டது. பக்கத்துச் சந்திலிருந்து தேவி ஊர்வலம் ஒன்று மேளத்தோடு திடீரென்று ரோட்டுக்கு வந்தது. அப்பா பிரேக் போட்டார். பின்னால் வந்துகொண்டிருந்த ரொட்டி வேன் எங்கள் வண்டியின் வலது பின்பக்கத்தில் மோதியது. மெதுவாக வந்ததால் யாருக்கும் பெரிய காயம் இல்லை. வேன் டிரைவருக்கு நெற்றியில் புடைத்திருந்தது. வேனின் பக்கக் கதவு திறந்து, அடுக்கியிருந்த தட்டுகள் சரிந்து, பாவ் ரொட்டிகள் ரோடு முழுவதும் உருண்டன. என் தம்பி ஜம்பு, "அப்பா, பாவ் மழை!" என்று கத்தினான். ஊர்வலத்தில் வந்தவர்கள் மேளத்தை நிறுத்திவிட்டு ரொட்டி பொறுக்கிக் கொடுத்தார்கள். கொடுத்ததைவிடப் பொறுக்கியது அதிகம்.

அதன் பிறகு வேன் டிரைவர் இறங்கி வந்து, பின்னால் விளக்கே இல்லாமல் வண்டி ஓட்டலாமா என்று அப்பாவைக் கேட்டார். "பத்தி கிதர் ஹை, சேட்? பத்தி!" என்றார். "நயா பத்தி ஹை!", புது விளக்கு இருக்கிறது, என்று அப்பா சொன்னார். இருவரும் இதையே ஐந்தாறு தடவை சொன்னார்கள். ஒரு கான்ஸ்டபிள் வந்து ஸ்விட்சைப் போடச் சொன்னார். முன்விளக்குகள் எரிந்தன. பின்னால், மோதலில் நசுங்கிய வலது விளக்கும் எரியவில்லை, நசுங்காத இடது விளக்கும் எரியவில்லை. அவர் டார்ச் அடித்து இடது விளக்கைப் பார்த்தார். என் தாமரையைக் கண்டதும் டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு கும்பிடு போட்டார். தொட்டுப் பார்க்கவில்லை. அப்பாவும் அதைத் தொடவில்லை. பூஜை செய்த வண்டி.

அப்போது அப்பா, "கிளம்பும்போது எரிஞ்சுது. என் பொண்ணு பார்த்துச் சொல்லியிருக்கா, எழுதியும் வெச்சிருக்கா" என்று நோட்டை வாங்கிக் கான்ஸ்டபிளிடம் கொடுத்தார். வீட்டில் எரிந்தது, வழியில் எரியவில்லை என்றால் வயரிங்கில்தான் கோளாறு என்று கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டார். வயரிங் செய்தவர் யார் என்று கேட்டார். அப்பா தாவீது அவர்கள் பெயரைச் சொன்னார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை காந்தி ஜயந்தி, விடுமுறை. காலை ஒன்பது மணிக்குத் தாவீது அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார். கடிதத்தில் கையெழுத்து நின்றுபோனதை அப்போதுதான் நான் அறிந்தேன். அவரும் அப்பாவும் பேசியது இது.

"எர்த்துக்குப் பெயிண்ட சொரண்டித்தான மாட்டுனேன் சார். பாப்பாவும் கூடவே நின்னு பாத்துச்சுல்லா?"

"அதெல்லாம் நீ நன்னாத்தான் பண்ணினே தாவீது. ஆனா ஆத்துலேர்ந்து கிளம்பறச்சே எரிஞ்சது, சயான்ல எரியலையே. நடுவுல என்ன ஆச்சு?"

"கெளம்பையில எரிஞ்சத யாரு சார் பாத்தா?"

"ஷ்யாமு பார்த்தா."

தாவீது அவர்கள் என்னைப் பார்த்தார். பிறகு, "பாப்பா பாத்துச்சுன்னா எரிஞ்சுதான் இருக்கும். அப்ப தப்பு எங்கிட்டதான் எங்கனயோ இருக்கு" என்றார். வீட்டில் அவர் மனைவி ஏஞ்சலம்மாள் அவருடைய காக்கிச் சட்டைக்குப் பட்டன் எல்லாம் மாற்றித் தைத்து வைத்திருப்பதாகவும், வெள்ளிக்கிழமை போக முடியாவிட்டால் வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்றும் அம்மாவிடம் சொன்னார். அம்மா காபி கொடுத்தாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடிப்பவர் அன்று பாதி டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு நான் புத்தகத்தைத் திறந்தேன். ஒரே பக்கத்தைப் பகல் முழுவதும் வைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை எட்டரை மணிக்கு அப்பா ஷேவ் செய்துகொண்டிருக்கும்போது அவர் பக்கத்தில் போய், "அப்பா, நான் பார்க்கலை" என்றேன்.

"எதை?"

"லைட்டை. செவ்வாய்க்கிழமை. எழுந்திருக்கவே இல்லை. சும்மா சொன்னேன்."

அப்பா பாதி முகத்தில் சோப்போடு கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். "நானும் இறங்கி வந்து பார்க்கலையே" என்றார். பிறகு, "சரி, அப்படின்னா எப்போ அணைஞ்சுதோ?" என்றார். அவர் இன்ஜினீயர் என்பதால் அப்படித்தான் கேட்பார். அணையவே இல்லை என்று நினைப்பதாகச் சொன்னேன். சந்தனம், மைதா, இரண்டு பூச்சு, தாமரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தின் மறு பாதியை இரண்டு இழுப்பில் முடித்தார். அம்மாவிடம், "ராஜீ, டிஃபன் வந்து சாப்பிடறோம்" என்றார். அம்மா, "மைதாவா? சாமி காரியத்துக்கா? கடங்காரி!" என்று எங்கள் பின்னால் மாடிப்படி வரை வந்தாள். அப்பா என் ஸ்கூலுக்கு ஆள் மூலம் லீவ் லெட்டர் அனுப்பினார். அதில் காரணம் என்ற இடத்தில் "போலீஸ் ஸ்டேஷன்" என்று எழுதியிருந்தார். அதை மட்டும் மாற்றச் சொல்லி "சொந்த வேலை" என்று எழுத வைத்தேன்.

பத்து மணிக்கு நாங்கள் இந்த ஸ்டேஷனுக்கு வந்தோம். தாவீது அவர்களையும் விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எங்கள் வண்டி ஸ்டேஷன் முற்றத்தில் நிற்கிறது. இடது விளக்கின்மேல் யாரோ ஒரு சாமந்திப் பூவும் வைத்திருந்தார்கள்.

நான் ஏட்டு நயினார் அவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இன்ஸ்பெக்டரிடம் மராத்தியில் சொன்னார். இன்ஸ்பெக்டர், இந்தப் பெண் மெக்கானிக்குக்காக இரக்கப்பட்டுச் சொல்கிறாளா என்று கேட்டார். சோதித்துப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். வெயிலில் எப்படித் தெரியும் என்றார். நயினார் அவர்கள் சிறிது யோசித்துவிட்டு, மழைக்காலத்தில் சாமான்கள்மேல் போர்த்தும் கறுப்புத் தார்ப்பாயைக் கொண்டு வரச் சொன்னார்.

அதன் பிறகு தாவீது அவர்கள் பார்த்ததில், வலது விளக்கு நசுங்கியதில் அதன் வயர் தகரத்தில் பட்டு ஃப்யூஸ் போயிருந்தது. அதனால்தான் மோதிய பிறகு இரண்டுமே எரியவில்லை. வலது வயரைக் கழற்றி நுனியில் டேப் சுற்றிவிட்டுப் புது ஃப்யூஸ் போட்டார். உள்பக்கமாக அவர் கொண்டுபோயிருந்த வயரில் ஒரு கிளிப் கூட அசையவில்லை என்பதை நயினார் அவர்கள் குனிந்து பார்த்தார். "என்ன வே, எலி கூட கடிக்கல" என்றார். "எலிக்கு எட்டாம தான போட்டிருக்கேன் ஏட்டையா" என்றார் தாவீது அவர்கள். இன்று அவர் முகம் தெளிந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

பிறகு வண்டியின் பின்பக்கம் முழுவதும் தார்ப்பாயைப் போர்த்தினார்கள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே நுழைந்தார். நயினார் அவர்களும் நானும் நுழைந்தோம். உள்ளே இருட்டாகவும் புழுக்கமாகவும் இருந்தது. அப்பா ஸ்விட்ச் போட்டார். இன்ஸ்பெக்டர் "அந்தார்" என்றார். இருட்டு என்று அர்த்தம். அப்பா பிரேக்கை மிதித்தார். இன்ஸ்பெக்டர் மறுபடியும் "அந்தார்" என்றார். உண்மையாகச் சொல்வதானால் முழு இருட்டு இல்லை. மேல் ஓரத்தில், பூச்சு படாத இடத்தில் நகக்கண் அளவு சிவப்பாகத் தெரிந்தது. அதை அவர்களுக்குக் காட்டினேன்.

அதன் பிறகு என் ஜியாமெட்ரி பெட்டியிலிருந்த ஸ்கேலைப் பூச்சின் ஓரத்தில் கொடுத்து நெம்பினேன். அது தாமரையோடு அப்பளம் போல ஒரே வட்டமாகக் கழன்று என் கையில் வந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இன்ஸ்பெக்டரின் மீசை, நயினார் அவர்களின் பெல்ட், என் கை எல்லாம் சிவப்பாகத் தெரிந்தன. அப்பா பிரேக்கை மிதித்ததும் இன்னும் பளிச்சென்றது. சந்தனப் பொடி பறந்து இன்ஸ்பெக்டர் மூன்று முறை தும்மினார். வெளியே வந்ததும் பூச்சின் கனத்தை அளந்தேன். கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த வட்டத்தைக் காகிதத்தில் மடித்து நோட்டோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் என்னிடம், பார்க்காமல் ஏன் எரிந்தது என்று சொன்னாய் என்று கேட்டார். கப்பல் உடைந்துகொண்டிருந்தது என்று சொன்னேன். நயினார் அவர்கள் அதைப் பெயர்த்துச் சொல்ல மிகவும் கஷ்டப்பட்டார். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். ஆனால் வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு முன்பு எழுதியதை மாற்ற முடியாது என்றும், நான் கைப்பட எழுதிக் கொடுத்தால் உடனே தாவீது அவர்கள் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதாகவும் சொன்னார். அப்பா, வண்டி ஓட்டினவன் தான்தான் என்றும், குற்றம் எழுதுவதானால் தன்மேல் எழுத வேண்டும் என்றும் சொன்னார். அதை இன்ஸ்பெக்டர் தனியாக எழுதிக்கொண்டார். வேன் டிரைவர் மேலும் தவறு இல்லை. அவர் விளக்கு இல்லை என்று சொன்னது, அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால், சரி.

இப்போது மணி பன்னிரண்டு இருபது. தாவீது அவர்கள் வெளியே அப்பாவோடு டீ குடித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய கடிதம் இன்ஸ்பெக்டர் மேஜையில் பேப்பர் வெயிட்டின் கீழ் இருப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. நோட்டில் தவறாக எழுதியதை அடித்துத் திருத்தலாமா என்று கேட்டேன். சாட்சிப் பொருளில் கை வைக்கக் கூடாது என்று நயினார் அவர்கள் சொன்னார். ஆகவே அந்தத் திருத்தத்தை இங்கே எழுதுகிறேன்.

1-10-68, மாலை. வலது: பார்க்கவில்லை. இடது: பார்க்கவில்லை. பிரேக்: பார்க்கவில்லை.

நோட்டில் உள்ள மற்ற இருநூற்றுப் பத்தும் நான் பின்னால் நின்று என் கண்ணால் பார்த்தவை. இந்த வாக்குமூலத்தில் நான் பார்த்ததைப் பார்த்ததாகவும், கேட்டதைக் கேட்டதாகவும், பார்க்காததைப் பார்க்காததாகவும் எழுதியிருக்கிறேன். யாரும் சொல்லிக் கொடுத்து எழுதவில்லை.

(ஒப்பம்) எஸ். ஷ்யாமளா
(ஒப்பம்) பி. ஆர். சங்கரன், தகப்பனார்

மேற்படி சிறுமி என் முன்னிலையில் எழுதிக் கொடுத்ததை மராத்தியில் பெயர்த்து இன்ஸ்பெக்டர் அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். மெக்கானிக் தாவீது பேரில் எழுதப்பட்டிருந்த குறிப்பு நீக்கப்பட்டது. அவரது நன்னடத்தைக் கடிதம் கையெழுத்தாகி அவர் கையில் கொடுக்கப்பட்ட நேரம் பகல் 12.50.

(ஒப்பம்) நயினார், ஹெட் கான்ஸ்டபிள்